எழுநூறு சதுர அடியும் ஒரு நாயும்

சென்னையின் அடுக்குமாடி வீடுகளில் இருந்துகொண்டு, பிள்ளைகளின் நச்சரிப்புக்கு ஒருவழியாகத் தலையாட்டிவிட்டு, நாய்க்குட்டி பார்க்கக் கிளம்பியிருக்கும் குடும்பங்களுக்கு,



உங்களில் பலரோடு நான் போனில் பேசியிருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கேட்பீர்கள். "எங்க வீடு சின்னதுங்க, டூ பெட்ரூம் பிளாட்தான். சின்ன சைஸா, முடி கொட்டாம, குரைக்காம, குழந்தைங்களோட சமத்தா இருக்கிற மாதிரி ஒரு பிரீட் சொல்லுங்களேன்." இந்த நான்கும் ஒன்றாகப் பொருந்திய நாயை நான் இதுவரை பார்த்ததில்லை. இரண்டு பொருந்தினாலே அதிர்ஷ்டம். எந்த இரண்டு வேண்டும், எதை விட்டுக்கொடுப்பீர்கள் என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். அதற்கு உதவட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. வேண்டாமென்று கைவிடப்படும் வளர்ப்பு நாய்களுக்கு வேறு வீடு தேடித் தரும் சிலரில் ஒருத்தி, அவ்வளவுதான். குட்டி கைக்கு வரும் அன்று வீட்டில் இருக்கும் குதூகலம் என் கண்ணில் படுவதில்லை. ஒன்றரை வருடம் கழித்து அதே நாயை யாரிடமாவது ஒப்படைத்துவிடத் துடிக்கும் குரல்தான் என்னிடம் வந்து சேர்கிறது. பகலெல்லாம் ஊளையிடுகிறது, கதவைப் பிறாண்டிப் பாழாக்கிவிட்டது, மாமியாரை இழுத்துத் தள்ளிவிட்டது, கீழ்வீட்டுக்காரர் அசோசியேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டார், டாக்டர் செலவு கட்டுப்படியாகவில்லை என்று ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்வார்கள். நாய் நடமாட வீட்டில் இடம் போதவில்லை என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. வாங்கும்போது எல்லோரும் கணக்குப் பார்ப்பது அந்த ஒன்றைத்தான்.

வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதி நேரம் தூங்கித்தான் கழிக்கும். மூவாயிரம் சதுர அடி பங்களாவில் விட்டாலும் நீங்கள் எந்த அறையில் இருக்கிறீர்களோ அங்கே வந்து உங்கள் காலடியில்தான் படுக்கும். எனவே சதுர அடியை விட்டுத்தள்ளுங்கள். பிளாட்டில் உண்மையான தட்டுப்பாடு வேறு: காற்று, சத்தத்தைத் தடுக்கும் சுவர், வீட்டு மனிதர்களின் நேரம். நாயின் அளவு இந்த மூன்றில் எதையும் சொல்லாது. ஜாக் ரஸ்ஸல் டெரியர் ஆறேழு கிலோதான் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், வளைக்குள் பதுங்கிய நரியை விரட்டி வெளியே கொண்டுவருவதற்காக உருவாக்கப்பட்ட நாய் அது. சோபாவிலிருந்து ஜன்னலுக்கும் ஜன்னலிலிருந்து கட்டிலுக்கும் பாய்ந்துகொண்டே இருக்கும். பந்தய கிரேஹவுண்டோ முப்பது கிலோ. ஆனால் பந்தயத்திலிருந்து ஓய்வு கொடுத்த கிரேஹவுண்டுகளை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சின்னச் சின்ன பிளாட்களில் வளர்க்கிறார்கள். ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்தால் மிச்ச நேரமெல்லாம் அது மெத்தையை விட்டு எழுந்திருக்காது.

முதலில் காற்று. 2003-இல் வந்த ஹட்ச் செல்போன் நிறுவன விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் பின்னாலேயே ஓடிய பக் நாயை, உங்களில் முப்பதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிளாட்டுக்கு ஏற்ற நாய் என்றால் பக் என்று நம் நடுத்தர வர்க்கத்தின் மனதில் பதிந்தது அதற்குப் பிறகுதான். சின்ன உடம்பு, குட்டை முடி, குறைவான குரைப்பு, யாரோடும் ஒட்டிக்கொள்ளும் சுபாவம். கேட்பதற்கு எல்லாமே சரியாகத்தான் இருக்கிறது.

மூக்கைப் பாருங்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதங்களில் கொஞ்சம் வியர்க்கும், அதனால் பெரிய பலன் கிடையாது. நாக்கைத் தொங்கவிட்டு வேகவேகமாக மூச்சிரைத்து, வாயிலும் மூக்கிலும் இருக்கும் ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. நீண்ட மூக்கினுள்ளே இதற்கென்றே மடிப்பு மடிப்பாக ஈரப் பரப்பு உண்டு. பக் நாயின் முகத்தை மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தட்டையாக்கிக்கொண்டே போனார்கள். எலும்பு சுருங்கிய அளவுக்கு உள்ளே இருக்கும் சதை சுருங்கவில்லை. மூக்குத் துவாரம் வெறும் கீறலாக ஒடுங்கியிருக்கும். அண்ணத்தின் பின்பகுதி நீண்டுபோய் மூச்சுப் பாதையின் வாசலை மறைக்கும். "எங்க பப்பி தாத்தா மாதிரி குறட்டை விடும்" என்று வீடியோ எடுத்து அனுப்புகிறீர்களே, அது காற்று போக வழியில்லாத சத்தம். இதோடு சென்னையின் கடற்காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே இருக்கும் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடந்தால் நாக்கில் இருக்கும் ஈரம் எங்கே ஆவியாவது? கத்திரி வெயிலில், கரண்ட் போன மத்தியானத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பிளாட்டில் ஒரு பக் நாய் மூச்சு விடப் படும் பாட்டை ஒருமுறை பார்த்தவர்கள் அடுத்தவருக்கு அதைச் சிபாரிசு செய்ய மாட்டார்கள். பிரெஞ்ச் புல்டாக், இங்கிலீஷ் புல்டாக் கதையும் இதேதான். ஷிட்ஸுவுக்கும் ஓரளவு உண்டு.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கலங்க வேண்டாம். நாயை ஒல்லியாக வைத்திருங்கள், கழுத்துப் பட்டைக்குப் பதிலாக நெஞ்சைச் சுற்றிப் பூட்டும் ஹார்னஸ் போடுங்கள், காலை ஏழுக்கு முன்பும் வெயில் முழுக்கத் தணிந்த பிறகும் மட்டும் வெளியே கூட்டிப் போங்கள். ஓய்வாக இருக்கும்போதே சத்தத்தோடு மூச்சு விட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். ஒடுங்கிய துவாரத்தை அகலப்படுத்த அறுவை சிகிச்சை இருக்கிறது.

2024-இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, பக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், திபெத்தியன் மாஸ்டிஃப் உள்ளிட்ட பதினோரு இனங்களை இங்கே இனவிருத்தி செய்யக் கூடாதவை என்று பட்டியலிட்டது. பிரீடர்கள் தரப்பு எதிர்த்தது, விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கொள்கை எப்படியோ போகட்டும், அந்தப் பட்டியலில் ஹஸ்கி இருந்ததற்கு நான் மனதாரக் கை தட்டினேன்.

மேடவாக்கம் பக்கம் மூன்றாம் மாடியில் ஒரு ஹஸ்கியைக் கூட்டிவரப் போயிருந்தேன். கணவன், மனைவி இருவரும் ஐ.டி. காலை எட்டுக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வீடு. பெட்ரூம் கதவின் நிலைச்சட்டம் கீழிருந்து இரண்டடி உயரத்துக்கு வார்னிஷ் போய், பச்சை மரம் தெரிய, கரும்புச் சக்கை மாதிரி நார்நாராகக் கிடந்தது. பால்கனி கிரில்லின் ஒவ்வொரு கம்பியிலும் வெள்ளை மயிர் சுற்றியிருந்தது. நாயைக் காணோம். கடைசியில் பாத்ரூமில் இருந்தது: வயிறு முழுக்க டைல்ஸில் படும்படி நாலு காலையும் பரப்பிப் படுத்து, மூக்கைத் தண்ணீர் போகும் ஜாலியின்மேல் வைத்துக்கொண்டு. அங்கிருந்துதான் கொஞ்சம் குளிர்ந்த காற்று வந்திருக்க வேண்டும். ஏன் ஹஸ்கி என்று கேட்டேன். "கண்ணு நீலமா இருந்துச்சு" என்றார் அந்தப் பெண். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அந்தக் கண் அப்படி. ஆனால் அது சைபீரியாவின் சுக்சி மக்கள் பனிவண்டி இழுக்க வளர்த்த நாய். 1925-இல் அலாஸ்காவின் நோம் நகரத்துக்குத் தொண்டை அடைப்பான் நோய்க்கான மருந்தை, கடுங்குளிரில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலாக அஞ்சலோட்டமாக இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தவை இந்த வகை வண்டி நாய்கள்தான். ஓடுவதற்கென்றே பிறந்ததை எழுநூறு சதுர அடியில் பன்னிரண்டு மணிநேரம் பூட்டி வைத்தால் அது கதவைத்தான் தின்னும். ஏசி போட்டு வளர்க்கிறோம் என்பீர்கள். ஏசி இருக்கும் அறையில் ஓட முடியாது, ஓடும் தெருவில் ஏசி கிடையாது.

சத்தத்துக்கு வருகிறேன். நம் பிளாட்களில் பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று எண்ணிவிடலாம். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் பீகிள் வளர்ப்பதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். காதும் முகமும் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். குழந்தைகளிடம் அது நல்ல நாயும்கூட. ஆனால் முயல் வேட்டைக்குக் கூட்டமாகப் போகும் நாய் அது. புதர்களுக்கு நடுவே தான் எங்கே இருக்கிறோம் என்று தூரத்தில் வரும் வேட்டைக்காரனுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக, இழுத்து ஓலமிடும் குரலையே தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். கூட்டத்தில் வாழ்ந்த நாயைத் தனியாக விட்டால் அந்தக் குரல் எதற்குப் பயன்படும் என்று சொல்லவேண்டியதில்லை. நீங்கள் ஆபீஸில் இருப்பதால் உங்களுக்குக் கேட்காது. ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்கும் எதிர்வீட்டுப் பையனுக்குக் கேட்கும்.

நம் ஊரில் பொமரேனியன் என்ற பெயரில் வீடு வீடாக இருக்கும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். இங்கேயே தலைமுறைகளாக வளர்ந்ததால் அவ்வளவு முடியை வைத்துக்கொண்டும் வெயிலை ஓரளவு சமாளிக்கும். வீட்டோடு பாசமாக இருக்கும், கொஞ்சமாகச் சாப்பிடும், பதினான்கு பதினைந்து வருடம் வாழும். வீட்டில் யாராவது ஒருவர் எப்போதும் இருக்கிறார் என்றால் நான் தயங்காமல் சொல்லும் நாய் இது. குறை ஒன்றுதான். காலிங் பெல், லிஃப்ட் கதவு, பால் பாக்கெட் போடும் பையன், மேல்வீட்டில் நகரும் நாற்காலி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும். குட்டியிலேயே பழக்கினால் குறைக்கலாம், நிறுத்த முடியாது.

லேப்ரடாரைப் பற்றிக் கேட்காதவர்களே கிடையாது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களோடு தண்ணீரில் இறங்கி வலை இழுத்த நாய்களின் வம்சம். அநாவசியமாகக் குரைக்காது, குழந்தை காதைப் பிடித்து இழுத்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனாலும் இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்து கிலோ எடை, முதல் இரண்டு வருடம் வீட்டில் மிச்சம் மீதி செருப்பு இருக்காது, முடி கொட்டுவது நிற்கவே நிற்காது. இன்னொன்று, அதன் பசி. கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, லேப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. அது உண்மையிலேயே எப்போதும் பசியோடு இருக்கிறது. நம் வீட்டுப் பாட்டிகளோ "பாவம், என் முகத்தையே பாக்குது" என்று சாம்பார் சாதத்தை உருட்டிப் போடுவார்கள். குண்டான லேப், இடுப்பு மூட்டு தேய்ந்து, லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி ஏற முடியாமல் ஐந்தாம் வயதிலேயே படியில் உட்கார்ந்துவிடும். முப்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு யார் ஏறுவது?

லிஃப்ட் இல்லாதவர்கள் டாஷ்ஹண்டையும் தவிர்த்துவிடுங்கள். நீண்ட உடம்பும் குட்டைக் காலும் கொண்ட அதற்கு முதுகுத்தண்டு வட்டு பிதுங்கும் நோய் மற்ற இனங்களைவிட மிக அதிகம். படி ஏறி இறங்குவதும் கட்டிலிலிருந்து குதிப்பதும் அதற்கு ஆகாது. லிஃப்ட் உண்டு, சோபா ஏற ஒரு சின்னப் பலகை போட்டுத் தருவோம் என்றால் நல்ல துணை. ஷிட்ஸு, லாசா அப்சோ இரண்டும் சாந்தமானவை, முடியும் அதிகம் கொட்டாது. கொட்டாத முடி வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதை மட்டும் கடைக்காரர் சொல்ல மாட்டார். தினமும் சீவவேண்டும், இல்லையேல் சடை விழுந்து அடியில் புண் வரும். கோடையில் கட்டையாக வெட்டிவிடலாம்.

இனி நம் ஊர் நாய்கள். 2020 ஆகஸ்டில் பிரதமர் 'மனதின் குரல்' உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசியதிலிருந்து, பிளாட்டில் இருப்பவர்களும் நாட்டு இனம்தான் வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்த அபிமானம் எனக்கும் உண்டு. ராஜபாளையத்துக்கு 2005-இல் அஞ்சல்தலையே வெளியிட்டார்கள். வெயில் தாங்குவதில் இவற்றோடு வெளிநாட்டு நாய் எதுவும் போட்டி போட முடியாது. ஆனால் ராஜபாளையம் தோட்டத்தையும் பண்ணையையும் காவல் காத்த நாய். வீட்டாரைத் தவிர யாரையும் லேசில் நம்பாது. பிளாட்டில் தண்ணீர் கேன் போடுபவர், கேஸ்காரர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, டியூஷனுக்கு வரும் நாலு பிள்ளைகள் என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேர் கதவைத் தட்டுவார்கள். பத்துப் பேரும் அதன் கணக்கில் திருடர்கள். வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் காது கேளாமையும் இந்த இனத்தில் உண்டு. குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயலைத் துரத்தப் பிறந்தவை. வீட்டுக்குள் அமைதியாக, பூனை போலச் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் தினமும் ஒருமுறையாவது வாரை அவிழ்த்து முழு வேகத்தில் ஓடவிட வேலி போட்ட மைதானம் வேண்டும். வேளச்சேரியிலோ விருகம்பாக்கத்திலோ அப்படி ஒரு இடம் உங்களுக்குக் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

இவ்வளவும் இனத்தைப் பற்றி. இனம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் குணத்தைக் கேட்டறிந்து, அவற்றில் இரண்டாயிரத்துச் சொச்சத்தின் மரபணுவையும் படித்து, 2022-இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம்தான். உயரம், எடை, முடி, மூக்கு, இவற்றை இனத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஊளையிடுவது போன்ற சிலவற்றில் இனத்தின் பங்கு கொஞ்சம் கூடுதல். இந்தக் குறிப்பிட்ட குட்டி பயந்தாங்கொள்ளியா, தனியாக இருக்குமா, உங்கள் மகளிடம் முறைக்குமா என்பதெல்லாம் அது வளர்ந்த பிறகுதான் தெரியும்.

அதனால்தான் பிளாட்காரர்களிடம் வாய் வலிக்கச் சொல்கிறேன்: குட்டி வாங்காதீர்கள், வளர்ந்த நாயாகப் பாருங்கள். இரண்டு மூன்று வயது ஆன நாய் எவ்வளவு பெரிதாகும் என்ற கேள்வியே இல்லை, ஆகிவிட்டது. குரைக்குமா, குழந்தையோடு பழகுமா என்பது கண்முன் தெரியும். மூத்திரத்தை அடக்கும். குட்டியால் அடக்க முடியாது. மூன்று மாதக் குட்டிக்கு மூன்று நான்கு மணிநேரம்தான் உச்சம். தடுப்பூசி வரிசை முடியும்வரை அதைத் தெருவில் இறக்கவும் முடியாது, பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதே மாதங்களில்தான் குட்டிக்கு மனிதர்கள், லிஃப்ட், ஆட்டோ, மிக்ஸி எல்லாம் பழகியாகவேண்டும். மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம்வரை பழகாதது பிறகு பயமாகவே தங்கிவிடும். தூக்கி வைத்துக்கொண்டு தினமும் வேடிக்கை காட்ட வீட்டில் ஆள் இருக்கிறதா?

நாட்டு நாய் என்று நான் சொன்னால் போனின் அந்தப் பக்கம் ஒரு மௌனம் வரும். "தெரு நாயா?" என்பார்கள். ஆமாம், அதுதான். பதினைந்து இருபது கிலோ, நீண்ட மூக்கு, குட்டை முடி, சின்னச் சாப்பாடு. இந்த ஊர் வெயிலில் பிழைத்தவற்றின் பிள்ளை என்பதால் ஏசி கேட்காது. கிண்டியில் இருக்கும் புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பு 1959-இல் தொடங்கப்பட்டது. அங்கேயும், எங்களைப் போன்றவர்கள் வீடுகளிலும் வளர்ந்த நாட்டு நாய்கள் எப்போதும் இருக்கும். எல்லாம் பிளாட்டுக்குச் சரிப்படும் என்று சொல்ல மாட்டேன். ஐந்து வருடம் தெருவில் ராஜாவாகத் திரிந்ததை மூன்றாம் மாடியில் பூட்டினால் அது உங்களுக்கும் தண்டனை, அதற்கும் தண்டனை. வாசலில் அந்நியர் வந்தால் குரைக்கவும் செய்யும். ஏற்கெனவே ஒரு வீட்டுக்குள் சில மாதம் இருந்து பழகியதாகக் கேட்டு வாங்குங்கள்.

நேரத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன். குட்டி கேட்டது பிள்ளைகள், பணம் கொடுத்தது அப்பா, காலை ஐந்தரைக்கு வாரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குவது அம்மா. நூற்றுக்குத் தொண்ணூறு வீடுகளில் இதுதான் நடக்கிறது என்று நான் பந்தயம் கட்டுவேன். எனவே நாயின் எடையை அம்மாவின் முழங்காலைக் கேட்டு முடிவு செய்யுங்கள். நம் தெருவில் நடப்பது வெறும் நடை இல்லை, ஒவ்வொரு முனையிலும் அந்தத் தெருவின் நாய்கள் எல்லையைக் காத்துக்கொண்டு நிற்கும். நாலு நாய் குரைத்துக்கொண்டு ஓடிவரும்போது எட்டுக் கிலோ நாயென்றால் தூக்கிக்கொள்ளலாம். முப்பத்தைந்து கிலோ நாய் அவற்றை நோக்கிப் பாய்ந்தால், வாரைப் பிடித்திருப்பவர் தார் ரோட்டில் விழுவார். போன வருடம் ஒரு அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்து, நாய் என்னிடம் வந்தது. அதே தெருக்களிலிருந்துதான் உண்ணியும் வரும், உண்ணிக் காய்ச்சல் இந்த ஊரின் நிரந்தர வியாதி. மாதாமாதம் மருந்து போடும் செலவைச் சாப்பாட்டுச் செலவோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த அசோசியேஷனாலும், பொதுக்குழுவில் தீர்மானமே போட்டாலும், வளர்ப்பு நாயைத் தடை செய்யவோ லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்லவோ முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் அதைத் தெளிவாகச் சொல்கிறது. அதைக் காட்டிச் சண்டைக்குப் போவதற்கு முன், குட்டி வருவதற்கு ஒரு வாரம் முன்பே அக்கம்பக்கம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கழிவை அள்ள கையில் காகிதம் வைத்திருங்கள். வாடகை வீடென்றால் ஓனரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி இருந்தாலும் போதும். மாநகராட்சி உரிமம் கட்டாயம், வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று இல்லாமல் அது கிடைக்காது. 2025-லிருந்து மைக்ரோசிப்பும் சேர்ந்துகொண்டது. குட்டிதான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால், 2017-இன் விதிப்படி எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்து விற்கக் கூடாது. ஒரு மாதக் குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு "இப்போ எடுத்தாதான் பாசமா இருக்கும்" என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். ஊரில் இருக்கிறது, இன்னொரு கிளையில் இருக்கிறது என்று சாக்கு வந்தால் திரும்பிவிடுங்கள். தாய் உங்களைப் பார்த்து மிரண்டு ஒதுங்கினால் குட்டியிடமும் அதைத்தான் எதிர்பார்க்கலாம்.

வளர்ந்த நாய்க்குச் சம்மதிக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. கொடுப்பவரிடம் கேட்டு, ஒரு சனி, ஞாயிறு வீட்டுக்குக் கூட்டிப்போங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் வேண்டாம், வெடிச் சத்தத்தில் எந்த நாயின் குணமும் தெரியாது. லிஃப்டில் ஏற்றி இறக்குங்கள். நாலு விசில் குக்கர் வையுங்கள். அம்மா ஒருமுறை, பிள்ளை ஒருமுறை வாரைப் பிடித்துத் தெருமுனைவரை போய்வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பழைய போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு ஹாலில் வைத்துவிட்டு, எல்லோரும் கதவைப் பூட்டிக்கொண்டு இரண்டு மணிநேரம் வெளியே போங்கள். திரும்பி வந்து கேளுங்கள். முதல் கால் மணிநேரம் முனகிவிட்டு அடங்கியிருந்தால் நல்ல சேதி. இரண்டு மணிநேரமும் விடாமல் கத்தியிருந்தால், அல்லது எதிர்வீட்டுப் பையன் கண் சிவக்க வாசலில் நின்றிருந்தால், திங்கட்கிழமை காலை எனக்கு ஒரு போன் போடுங்கள். ஆட்டோ பிடித்து நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். அடுத்த வாரம் வேறொன்றைப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
கைவிடப்பட்ட நாய்களுக்கு வீடு தேடித் தரும் ஒருத்தி